பட்டறைக்கு யார் போவது?
அமெரிக்க நகரப் பள்ளிகளில் தொழிற்கல்வியும் சமவாய்ப்பும்



கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கலாமா என்னும் கேள்விக்குப் பெரும்பாலான நாடுகள் என்றோ விடை கண்டுவிட்டன. கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். இன்றும் தீராமல் நிற்பது அதையடுத்து எழும் கேள்வியே. ஒரு நகரத்தின் பிள்ளைகளுள் யாரைப் பட்டறைக்கும் யாரைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆற்றுப்படுத்துவது? அதனை முடிவு செய்பவர் யார்? பதினான்கு வயதில் எடுத்த முடிவைப் பதினெட்டு வயதில் மாற்றிக்கொள்ள வழியுண்டா?

இக்கேள்விகளை ஆராய அமெரிக்க நகரங்களின் பொதுப் பள்ளி வரலாற்றை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. உயர்நிலைப் பள்ளியை எல்லாருக்கும் உரிய பள்ளியாக்க முதலில் முனைந்த நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. 1890-இல் அந்நாட்டின் பொது உயர்நிலைப் பள்ளிகளில் படித்தோர் ஏறத்தாழ 200,000 பேர். 1930-இல் அத்தொகை 4.4 மில்லியனைத் தொட்டது. நாற்பதே ஆண்டுகளில் இருபது மடங்குக்கு மேல் பெருகிய இம்மாணவர் கூட்டத்தில் குடியேறிகளின் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பெருந்தொகையினர். இவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்ற வினா அக்காலத்து அறிஞரையும் முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒருசேர வாட்டியது. அவர்கள் கண்ட விடைகளும் செய்த பிழைகளும் பின்னர் பல நாடுகளில் வேறு பெயர்களில் திரும்பி வந்துள்ளன.

1. கைக்கும் மூளைக்கும் ஒரே பள்ளி

1876-இல் பிலடெல்பியா நகரில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளி தன் மாணவர்களின் கைவேலைப் பாடங்களைக் காட்சிக்கு வைத்திருந்தது. தச்சு, கடைசல், உலைக்களவேலை ஆகியவற்றைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பகுத்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறும் முறை அது. தந்தையிடமோ தொழிலாசானிடமோ பல்லாண்டு பழகித்தான் கற்கமுடியும் என்று கருதப்பட்ட தொழில்திறனை வகுப்பறைப் பாடம் போலவே கற்பிக்கலாம் என்பதை அக்காட்சி மெய்ப்பித்தது.

செயிண்ட் லூயிஸ் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த கால்வின் உட்வர்ட், இக்கருத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சார்பில் அவர் நிறுவிய கைப்பயிற்சிப் பள்ளி 1880-இல் திறக்கப்பட்டது. அங்கே மாணவன் காலையில் கணிதமும் அறிவியலும் மொழியும் கற்றால் பிற்பகலில் இழைப்புளியும் அரமும் பிடித்தான். ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு ஆள் தயாரிப்பது உட்வர்டின் நோக்கமாக இருக்கவில்லை. கையால் செய்து பார்ப்பது எந்தப் பிள்ளையின் அறிவையும் கூர்மையாக்கும் என்பதே அவர் கொள்கை. வணிகரின் மகனும் தொழிலாளியின் மகனும் ஒரே பட்டறையில் நிற்கவேண்டும் என்பது அதனுள் அடங்கிய கருத்து.

இத்தொடக்கத்தை நாம் மறவாதிருத்தல் வேண்டும். அமெரிக்க நகரப் பள்ளிக்குள் தொழில் நுழைந்தபோது அது தாழ்ந்த பாடமாக நுழையவில்லை. அது யாருடைய பாடம் என்ற கேள்வி எழுந்த பிறகே தாழ்வும் உயர்வும் வந்து சேர்ந்தன.

2. தலைநகரின் இரு பள்ளிகள்

அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது கறுப்பினத்தவரின் கல்வியில்தான். அடிமைமுறை ஒழிந்த பின் 1868-இல் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் தொடங்கினார். அங்கே பயின்ற புக்கர் வாஷிங்டன் 1881-இல் அலபாமாவில் டஸ்கீகீ கல்விக்கூடத்தின் தலைமையை ஏற்றார். தொழில் கற்று, பொருள் ஈட்டி, நிலமும் வீடும் உடையவராகிவிட்டால் மதிப்பும் உரிமையும் நாளடைவில் பின்தொடரும் என்பது அவர் நம்பிக்கை. டு பாய்ஸ் அதனை மறுத்தார். 1903-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில், உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுத்துப் பெறும் தொழிற்பயிற்சி ஓர் இனத்தையே கீழ்ப்படியில் நிறுத்திவிடும் என்று அவர் வாதிட்டார்.

இவ்வாதத்தின் இரு பக்கங்களும் கட்டடங்களாகவே எழுந்து நின்ற நகரம் அமெரிக்கத் தலைநகரம். அங்கே கறுப்பின மாணவர்க்கெனத் தனிப் பள்ளிகள் இருந்தன. எம் தெரு உயர்நிலைப் பள்ளி இலத்தீனும் கணிதமும் கற்பித்து மாணவரைக் கல்லூரிக்கு அனுப்பியது. 1902-இல் ஆம்ஸ்ட்ராங் கைப்பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் எம் தெருப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றவர் அன்னா ஜூலியா கூப்பர். அடிமைப் பெண்ணின் மகளாய்ப் பிறந்து, ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். தொழிற்கல்வியை அவர் வெறுத்தவரல்லர். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்ற எண்ணம் வலுத்துவந்த காலத்தில், கல்லூரிக்குரிய பாடத்திட்டத்தை அவர் விடாமல் காத்து நின்றார். அவருடைய மாணவர்கள் நாட்டின் சிறந்த பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றனர். கல்வி நிருவாகத்துடன் ஏற்பட்ட நீண்ட பூசலுக்குப் பின் 1906-இல் அவர் தலைமைப் பதவியை இழந்தார். பின்னாளில் அதே பள்ளிக்கு இலத்தீன் ஆசிரியராகத் திரும்பினார். 1925-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

எம் தெருப் பள்ளி 1916-இல் புதிய கட்டடத்துக்கு மாறி டன்பார் பள்ளி என்னும் பெயர் பெற்றது. இரத்த வங்கி முறைக்கு வழிவகுத்த மருத்துவர் சார்ல்ஸ் டுரூ அங்கே படித்தவர். ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டன் ஆம்ஸ்ட்ராங் பள்ளியில் படித்தவர். ஒரே நகரில், ஒரே சமூகத்தில், இரு பள்ளிகளும் மதிப்புடன் விளங்கின. இரண்டு வாயில்களும் திறந்திருந்ததால் அச்சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தேர்ந்துகொள்ள இடம் இருந்தது. அவ்விரண்டில் கல்லூரி வாயில் மூடப்பட்டிருந்தால், ஆம்ஸ்ட்ராங் பள்ளி எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அது பிள்ளைகளின் தேர்வாக இருந்திருக்காது. கூப்பர் காத்தது இவ்வேறுபாட்டையே.

3. சிகாகோவில் நடந்த வழக்கு

வட நகரங்களில் இக்கேள்வி வர்க்கத்தின் வடிவில் வந்தது. 1906-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அமைத்த ஆணைக்குழு ஒன்று, 14 முதல் 16 வயது வரையிலான ஏறத்தாழ 25,000 பிள்ளைகள் பள்ளியில் இல்லை என்று அறிவித்தது. அவர்கள் எதிர்காலமற்ற சில்லறை வேலைகளில் காலம் கழித்தனர், அல்லது வேலையின்றித் திரிந்தனர். இப்பிள்ளைகளை மீட்கத் தொழிற்பள்ளி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவாகவே இருந்தது. அப்பள்ளி பொதுப் பள்ளியின் ஒரு பகுதியாக இருக்கவேண்டுமா, தனியாக நிற்கவேண்டுமா என்பதிலேயே நாடு பிளவுபட்டது.

சிகாகோ நகரின் முன்னாள் பள்ளிக் கண்காணிப்பாளர் எட்வின் கூலி, அந்நகர வணிகப் பெருமக்களின் சங்கத்தின் சார்பில் ஐரோப்பா சென்று ஜெர்மானியத் தொழிற்பள்ளிகளை ஆராய்ந்து வந்தார். அவர் பெயரால் அறியப்பட்ட சட்ட முன்வரைவு 1913 தொடங்கி இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. தொழிற்பள்ளிகளுக்குத் தனி நிருவாகக் குழுவும் தனி வரியும் வேண்டும் என்பது அதன் சாரம். பதினான்கு வயதில் ஒரு சாரார் ஒரு வாயிலாலும் மறுசாரார் இன்னொரு வாயிலாலும் செல்வர். இரண்டையும் ஆள்வோர் வெவ்வேறு குழுவினர்.

இதனை எதிர்த்தவர்கள் யார் என்பது கருதத்தக்கது. சிகாகோ தொழிற்சங்கக் கூட்டமைப்பு எதிர்த்தது. கூலிக்குப் பின் கண்காணிப்பாளர் பதவிக்கு வந்த எலா ஃபிளாக் யங் எதிர்த்தார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் பள்ளிகளைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண்மணி அவர். அவருடைய பேராசிரியராக விளங்கிய மெய்யியலறிஞர் ஜான் டூயியும் எதிர்த்தார். தொழிலாளர்கள் தம் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் பிள்ளைகள் மட்டும் செல்லும் தனிப் பள்ளி வேண்டாம் என்றனர். அத்தகைய பள்ளி முதலாளிக்கு அடங்கிய ஆள்களை உருவாக்கும் கூடமாகிவிடும் என்று அஞ்சினர்.

1915-இல் ஓர் இதழின் பக்கங்களில் டூயிக்கும் மாசசூசெட்ஸ் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெட்டனுக்கும் இடையே விவாதம் நடந்தது. ஸ்னெட்டனின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பெரும்பாலான பிள்ளைகள் உழைத்துத்தான் வாழப்போகிறார்கள். அவ்வுழைப்புக்கு அவர்களைத் திறமையாக ஆயத்தம் செய்யாமல் பொதுக்கல்வியைப் புகட்டுவது அவர்களுக்கு எவ்வாறு நன்மையாகும் என்று அவர் வினவினார். டூயியின் விடை வேறு திசையிலிருந்து வந்தது. தொழிலின் வழியாகவே அறிவியலையும் வரலாற்றையும் சமூகத்தையும் கற்கலாம் என்பதைத் தம் சோதனைப் பள்ளியில் செய்து காட்டியவர் அவர். தொழிலைக் கல்வியாக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்; இன்றைய ஆலையின் இன்றைய தேவைக்குப் பிள்ளையை அறுத்துப் பொருத்துவதை ஏற்க மறுத்தார். தன் தொழிலின் ஏன், எதற்கு என்பதை அறிந்த தொழிலாளியே அத்தொழிலை மாற்றவும் வல்லவன் என்பது அவர் நிலைப்பாடு.

கூலியின் முன்வரைவு தோற்றது. சிகாகோவில் ஒரே நிருவாகம் நீடித்தது. ஆயினும் நாட்டளவில் நடந்தது வேறு.

4. 1917-ஆம் ஆண்டுச் சட்டம்

1917 பிப்ரவரி 23-ஆம் நாள் அதிபர் உட்ரோ வில்சன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் கையொப்பமிட்டார். நடுவண் அரசு தொழிற்கல்விக்கு முதன்முறையாகத் தொடர்ச்சியான நிதி வழங்கிய சட்டம் இது. வேளாண்மை, தொழில்துறை, மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் ஊதியத்துக்கு அரசு உதவியது. மாநிலங்களும் அதற்கு ஈடான தொகையைச் செலவிட்டன. எத்தனையோ நகரங்களில் இயந்திரப் பட்டறைகளும் தச்சுக்கூடங்களும் இந்நிதியால் எழுந்தன என்பதை நன்றியுடன் குறிக்கவேண்டும்.

ஆனால் சட்டத்தின் சொற்களிலேயே ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டிருந்தது. இக்கல்வி கல்லூரித் தரத்துக்குக் கீழ்ப்பட்டதாக இருக்கவேண்டும் என்று அது விதித்தது. தொழிற்பிரிவு மாணவர் பயிற்சி நேரத்தில் குறைந்தது பாதியைச் செயல்முறை வேலையில் கழிக்கவேண்டும் என்றும் கூறியது. பாதி நாள் பட்டறையில் நிற்கும் மாணவனுக்குக் கல்லூரி கேட்கும் கணிதத்தையும் அறிவியலையும் அயல்மொழியையும் கற்க நேரம் எங்கே? அவன் விரும்பினாலும் கால அட்டவணை இடம் தரவில்லை. பிரிவினை பார்த்த இனவாத மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளுக்கு உரிய பங்கு கிடைப்பதை உறுதிசெய்யும் விதியும் சட்டத்தில் இல்லை.

ஆகவே, தனிப் பள்ளி கட்டாமலேயே ஒரே பள்ளிக்குள் இரு பள்ளிகள் தோன்றின. 1918-க்குப் பின் பரவிய அனைத்துப் பிரிவு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் ஒரே வாயிலில் நுழைந்தனர். ஒரே கொடியை வணங்கினர். ஒரே அணிக்காகப் பந்தாடினர். மணி அடித்ததும் கல்லூரிப் பிரிவு, வணிகப் பிரிவு, தொழிற்பிரிவு என்று பிரிந்து வெவ்வேறு தாழ்வாரங்களில் நடந்தனர்.

5. பிரித்தவர் யார்?

1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இளைஞன் தன் ஆற்றலையும் விருப்பத்தையும் அறிந்து, தொழில்களின் இயல்பையும் அறிந்து, தானே தெரிவு செய்ய உதவுவது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் நுண்ணறிவுத் தேர்வுகள் பள்ளிகளுக்குள் வந்தன. ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் அமைந்த தேர்வில் குறைந்த எண் பெற்றது. அந்த எண் பிள்ளையின் பிறவி அளவாகக் கொள்ளப்பட்டது. வழிகாட்டி ஆலோசகர் வழி காட்டுபவராக இருந்த நிலை மாறி, வழி பிரிப்பவரானார்.

பெண் பிள்ளைகளுக்குப் பாதை இன்னும் குறுகலாக இருந்தது. நியூயார்க்கில் 1902-இல் தொடங்கிய மன்ஹாட்டன் பெண்கள் தொழிற்பள்ளி ஏழைப் பெண்களுக்குத் தையல் முதலிய தொழில்களைக் கற்பித்து அவர்கள் கூலியை உயர்த்த முயன்றது. 1910-இல் அது நகரப் பொதுப் பள்ளியானது. மற்றப் பள்ளிகளில் மனையியலும் தட்டச்சும் சுருக்கெழுத்துமே பெரும்பாலும் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் வணிகப் பிரிவு மெய்யாகவே பல பெண்களுக்கு அலுவலக வேலை தேடித் தந்தது. இயந்திரப் பட்டறையின் கதவு மட்டும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

தொழிலாளர் தரப்பும் குற்றமற்றதன்று. சிகாகோவின் வாஷ்பர்ன் தொழிற்பள்ளியில் கட்டடத் தொழில்களின் பழகுநர் பயிற்சி நடைபெற்றது. அப்பயிற்சிக்கு யாரைச் சேர்ப்பது என்பதில் தொழிற்சங்கங்களின் சொல்லே ஓங்கியிருந்தது. தந்தை சங்கத்தில் இருந்தால் மகனுக்கு இடம் எளிது. கறுப்பினத்தவரை ஏற்காத சங்கங்களில் அவர்தம் பிள்ளைகளுக்கும் இடமில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்த பள்ளி அது. கூலியின் முன்வரைவை எதிர்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கலாகாது என்று முழங்கிய அதே நகரத்தில்தான் இது நடந்தது. 1960-களில் சிகாகோ குடியுரிமை இயக்கத்தினர் எழுப்பிய முறையீடுகளுள் வாஷ்பர்ன் பள்ளியும் ஒன்று.

6. ஏறிய பள்ளிகள்

இவ்வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட் உயர்நிலைப் பள்ளி இன்று நாட்டின் மிகப் புகழ்பெற்ற பொதுப் பள்ளிகளுள் ஒன்று. கடுமையான நுழைவுத் தேர்வில் தேறியவரே அங்கே சேரமுடியும். அப்பள்ளி 1904-இல் ஆண்களுக்கான கைப்பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. சிகாகோவின் லேன் பள்ளியும் பால்டிமோர் பாலிடெக்னிக்கும் அவ்வாறே பட்டறையிலிருந்து வளர்ந்தவை. ஒரே வகைக் கடைசல் இயந்திரத்தோடு தொடங்கிய பள்ளிகளுள் சில பொறியியல் கல்லூரியின் வாயிலாயின. பிற, வேறெங்கும் இடம் கிடைக்காதோரின் புகலிடமாயின.

பால்டிமோர் பாலிடெக்னிக்கில் "ஏ பாடத்திட்டம்" என்ற ஒன்று இருந்தது. அதில் தேறியோர் பொறியியல் கல்லூரிகளில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரமுடிந்தது. 1952-இல் கறுப்பின மாணவர் சிலர் அப்பாடத்திட்டத்தில் இடம் கேட்டனர். இதற்கு இணையான பாடத்திட்டம் கறுப்பினத்தவர்க்குரிய பள்ளிகளில் இல்லை. அதனை உடனே உருவாக்கவும் இயலாது என்று அவர்கள் சார்பில் வாதிடப்பட்டது. கல்விக் குழு அவ்வாதத்தை ஏற்று அவர்களைச் சேர்த்தது. இனப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு ஈராண்டு முன்பு நடந்தது இது. பெண்களோ மேலும் காத்திருந்தனர். ஸ்டைவெசன்ட் பள்ளி 1969-இலும், புரூக்ளின் தொழில்நுட்பப் பள்ளி 1970-இலும், லேன் பள்ளி 1971-இலும் மாணவியரை ஏற்றன.

இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை பட்டறையில் இல்லை. ஏறிய பள்ளிகளில் பட்டறையோடு உயர் கணிதமும் இயற்பியலும் இணைந்தே நின்றன. அங்கிருந்து மேலே செல்லும் பாதையும் இருந்தது. ஏறாத பள்ளிகளில் அவை நீக்கப்பட்டன அல்லது நீர்த்துப்போயின. உட்வர்டின் பழைய கொள்கை தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் காக்கப்பட்டது எனலாம்.

7. திருத்த முயன்ற அரை நூற்றாண்டு

1961-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், நகரச் சேரிகளையும் புறநகர்களையும் ஒப்பிட்டு எழுதிய நூலில், பள்ளியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நகரங்களில் குவியும் இளைஞர்களைப் பற்றி நாட்டை எச்சரித்தார். 1963-ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டம் கல்வியிலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியோரைத் தன் கருத்தில் கொண்டது. 1968-இல் வந்த திருத்தம் அவர்களுக்கென நிதியின் ஒரு பகுதியை ஒதுக்கியது. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இனப் பாகுபாட்டையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பால் பாகுபாட்டையும் அரசு நிதி பெறும் பள்ளிகளில் தடைசெய்தன. மனையியல் பெண்ணுக்கு, பட்டறை ஆணுக்கு என்று பிரித்துச் சேர்ப்பது அதன்பின் சட்டத்துக்கு மாறானது.

சட்டம் கதவைத் திறந்தாலும் பழக்கம் உடனே மாறவில்லை. 1985-இல் கல்வியாளர் ஜீனி ஓக்ஸ் 25 பள்ளிகளின் வகுப்பறைகளை ஆராய்ந்து எழுதிய நூல் இதனை வெளிச்சமிட்டது. ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் தாழ்நிலைப் பிரிவுகளில் மிகுந்திருந்தனர். அங்கே அவர்கள் குறைவாகக் கற்றது மட்டுமன்றி, சிந்திப்பதைக் காட்டிலும் கீழ்ப்படிதலையே கற்றனர் என்று அவர் காட்டினார். அதற்கு ஈராண்டு முன்னரே, நாட்டின் கல்வித்தரம் சரிகிறது என்ற அரசு அறிக்கை ஒன்று எல்லாருக்கும் கூடுதல் ஏட்டுக்கல்வியை வற்புறுத்தியிருந்தது. நகரப் பள்ளிகளில் பட்டறைகள் பல மூடப்படலாயின. தாழ்ந்த பிரிவை ஒழிக்கிறோம் என்று தொடங்கியது, தொழில் கற்க மெய்யாகவே விரும்பிய பிள்ளையின் வாய்ப்பையும் சேர்த்து ஒழித்தது.

இவ்விரு தவறுகளுக்கும் இடையே ஒரு நடுவழி மெல்ல உருவாயிற்று. 1969-இல் பிலடெல்பியாவின் எடிசன் உயர்நிலைப் பள்ளிக்குள் மின்னியல் பயிற்சியகம் ஒன்று தொடங்கியது. பெரிய பள்ளிக்குள் ஒரு சிறிய பள்ளி. ஒரே ஆசிரியர் குழுவிடம் சில ஆண்டுகள் படிக்கும் மாணவர். ஒரு தொழில்துறையைச் சுற்றி அமைந்த பாடங்கள். கல்லூரிக்கு வேண்டிய பாடங்களும் குறையாமல் உடன் நிற்கும். இம்முறை பல நகரங்களுக்குப் பரவியபின், ஒன்பது பள்ளிகளில் 1,700-க்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டு ஆய்வொன்று நடத்தப்பட்டது. விண்ணப்பித்தவருள் யாருக்கு இடம் என்பது குலுக்கலில் முடிவு செய்யப்பட்டதால், இடம் பெற்றோரையும் பெறாதோரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகள். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, பள்ளி முடிக்கவேண்டிய காலத்துக்குப் பிந்திய எட்டு ஆண்டுகளில் பயிற்சியகத்தாரின் சராசரி வருவாய் மற்றவரைவிட 11 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆண்களிடையே 17 விழுக்காடு. மேற்கல்வி பெற்றதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. அதாவது, தொழில் கற்றதால் அவர்கள் கல்லூரியை இழக்கவில்லை. ஸ்னெட்டன் கேட்ட பயனும் டூயி கேட்ட திறந்த கதவும் ஒரே பள்ளியில் இயலும் என்பதற்கு இது சான்று.

2006-இல் சட்டம் இக்கல்வியின் பெயரையே "வாழ்க்கைத்தொழில், தொழில்நுட்பக் கல்வி" என்று மாற்றியது. 2011-இல் புரூக்ளினில் தொடங்கிய பி-டெக் பள்ளி, உயர்நிலைக் கல்வியோடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கட்டணமின்றி இணைத்தது. நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. "கல்லூரித் தரத்துக்குக் கீழ்ப்பட்ட" கல்வி என்று 1917 வகுத்த கோட்டை ஒரு நகரப் பொதுப் பள்ளி இவ்வாறு தாண்டியது.

8. வரிசை திரும்பியபோது

கதை இங்கே இனிதே முடிந்திருக்கலாம். ஆனால் அண்மைக்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அங்கே தொழிற்பள்ளிகள் சிறந்து விளங்கியதால் இடங்களைவிட விண்ணப்பங்கள் பெருகின. பள்ளிகள் மதிப்பெண்ணையும் வருகையையும் நடத்தையையும் ஆலோசகரின் பரிந்துரையையும் பார்த்துத் தெரிவு செய்தன. விளைவு என்ன? ஏழைப் பிள்ளைகளும், ஆங்கிலத்தைப் புதிதாய்க் கற்போரும், உடற்குறையுடையோரும் மற்றவரைவிடக் குறைந்த விழுக்காட்டில் இடம் பெற்றனர். நூறாண்டுக்கு முன் தொழிற்பள்ளிக்குள் தள்ளப்பட்டவர்கள் எவரோ, அத்தகையோரே இப்போது அதன் வாயிலில் நிறுத்தப்பட்டனர். நீண்ட வாதத்துக்குப் பின் 2025-இல் அம்மாநிலக் கல்வி வாரியம், இடம் போதாத பள்ளிகள் குலுக்கல் முறையில் மாணவரைச் சேர்க்கவேண்டும் என்று முடிவு செய்தது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. தொழிற்கல்வியை உயர்த்துவது ஒரு பணி. அதனை நேர்மையாகப் பகிர்வது மற்றொரு பணி. முதற்பணி வெற்றி பெற்றால் இரண்டாம் பணி தானே நிறைவேறிவிடாது, முன்னினும் கடினமாகும்.

9. நமக்குரிய கேள்விகள்

இவ்வரலாறு வேறொரு நாட்டின் வரலாறு. அதன் இனப்பிரிவினையும் ஆலை நகரங்களும் நம்முடையன அல்ல. எனினும் பிள்ளைகளைப் பிரிவுகளாக வகுக்கும் எந்த நாட்டின் ஆசிரியருக்கும் அது அயலாகாது. சிங்கப்பூரில் 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் தோன்றியது. 1994-இல் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் தொடங்கி அப்பிரிவுகள் நீக்கப்பட்டு, பாடத்துக்குப் பாடம் நிலை தேர்ந்துகொள்ளும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு பாடத்தில் தளர்ந்த பிள்ளை எல்லாப் பாடத்திலும் தளர்ந்ததாகக் கருதப்படலாகாது என்னும் எண்ணம் இம்மாற்றத்தில் உள்ளது. அவ்வெண்ணம் நிலைபெறுமா என்பது சட்டத்தைவிட வகுப்பறையையே பெரிதும் சார்ந்தது. அமெரிக்காவில் ஒரே வாயிலுக்குள் பல தாழ்வாரங்கள் தோன்றியதை மேலே கண்டோம்.

ஆகவே ஆசிரியர்கள் தம் பள்ளியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் சிலவற்றை இவ்வரலாறு நம்மிடம் விட்டுச்செல்கிறது. இப்பிரிவில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகள் எத்தகையவை? எல்லாரும் ஒரே வகை வீட்டிலிருந்து வந்திருந்தால், அது அவர்களின் விருப்பம்தானா? தொழிற்பாடம் படிப்பவருக்குக் கணிதமும் மொழியும் முழுமையாகக் கிடைக்கின்றனவா? இன்று ஒரு பாதையில் நடப்பவர் நாளை மற்றொன்றுக்கு மாற விரும்பினால், அவருடைய கால அட்டவணை இடம் தருமா? நாம் அளிக்கும் அறிவுரையை, அதே மதிப்பெண் பெற்ற நம் சொந்தப் பிள்ளைக்கும் அளிப்போமா?

மாணவர்களுக்கும் ஒரு சொல். கையால் செய்யும் தொழிலில் இழிவில்லை. ஏட்டுக்கல்வியில் தனிப்பெருமையும் இல்லை. நீங்கள் தேர்ந்த தொழில் எதுவாயினும், அதனைத் தேர்ந்தவர் நீங்களாக இருக்கவேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ஒரு கதவின் வழியாக உள்ளே செல்லுமுன், அங்கிருந்து மேலே செல்லவும் திரும்பி வரவும் வழியுண்டா என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய கடமை எங்களுடையது.